விண்ணப்பத்தை யார் கையில் கொடுப்பது? 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரின் முன் இருந்த வழிகள்

1872-ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒஹாயோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் ஒரு கொல்லர். அறுவடை இயந்திரத்தின் கத்தி அடிக்கடி கழன்றுவிடுவதைப் பார்த்துப் பார்த்து, அதைப் பிடித்து நிறுத்த ஒரு புதிய பூட்டைச் செய்துவிட்டார். அக்கம்பக்கத்து விவசாயிகள் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். அடுத்த ஊர்ப் பட்டறைக்காரர் வந்து அதை உற்றுப் பார்த்துவிட்டுப் போகிறார். அன்று இரவு கொல்லருக்குத் தூக்கம் வருவதில்லை. காப்புரிமை வாங்கியாக வேண்டும்.

அரசுக் கட்டணம் அவருக்கு எட்டாத தொகை இல்லை. 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பிக்கும்போது 15 டாலர், வழங்கும்போது 20 டாலர், ஆக 35 டாலர். கைத்தொழில் தெரிந்த ஒருவரின் நாள்கூலி இரண்டு, இரண்டரை டாலராக இருந்த காலம் அது. மூன்று வாரக் கூலியைக் கட்டினால் பதினேழு ஆண்டு உரிமை. ஆனால் விண்ணப்பத்தை எழுதுவது யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. அவருடைய பட்டறைக்கு வரும் வார இதழின் கடைசிப் பக்கங்களிலோ அந்த வேலையைச் செய்து தருவதாக ஒரு டஜன் விளம்பரங்கள்.

அவர் இடத்தில் நின்று ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்க்கவே இந்தக் கட்டுரை. தவறான கையில் காகிதத்தைக் கொடுத்ததால் உழைப்பின் பலனை இழந்தவர்கள் அந்த நூற்றாண்டில் மிகப் பலர். அவர்களுடைய கதைகளைப் படிக்கும்போது இன்றும் மனம் பொறுக்கவில்லை.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1836-க்கு முன்பு அமெரிக்காவில் காப்புரிமை என்பது ஏறக்குறைய ஒரு பதிவுதான். கட்டணம் கட்டினால் கிடைத்துவிடும்; செல்லுமா செல்லாதா என்பதை நீதிமன்றம் பிற்பாடு பார்த்துக்கொள்ளும். 1836-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றியது. வாஷிங்டனில் ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். விண்ணப்பத்தை முன்பு வந்தவற்றோடு ஒப்பிட்டு, புதிது என்று கண்டால் மட்டுமே வழங்கினார்கள். எலியாஸ் ஹோவின் தையல் இயந்திரக் காப்புரிமை 1846-இல் 4,750-ஆம் எண்ணைப் பெற்றது. முப்பது ஆண்டு கழித்து கிரஹாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்குக் கிடைத்த எண் 174,465. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் காப்புரிமை முகவர் என்ற தொழில் வளர்ந்தது. லட்சக்கணக்கான பழைய காப்புரிமைகளுக்கு நடுவே தம்முடையது எப்படி வேறுபடுகிறது என்று எழுதிக்காட்டும் வேலை கொல்லர் உலைக்கு முன்னால் நின்று செய்யக்கூடியது இல்லை.

வழிகளை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? கட்டணத்தாலும் வேகத்தாலும் ஒப்பிடுவதே எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. நிலப் பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். பத்திரத்தில் பெயர் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, ஆனால் செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை விவரம், தப்பாக எழுதப்பட்டிருந்தால் நிலம் கையில் நிற்குமா? காப்புரிமையில் அந்தச் செக்குபந்திதான் உரிமைக்கோரல் என்ற பகுதி. கருவி எப்படி இயங்குகிறது என்று பத்துப் பக்கம் விவரித்திருந்தாலும், "என்னுடையது இதுவரை" என்று கடைசியில் எழுதும் சில வரிகளே உரிமையாளருக்குச் சொந்தம். குறுகலாக எழுதினால் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு திருகை இடம் மாற்றி வைத்துவிட்டுத் தப்பிவிடுவார். அகலமாக எழுதினால் நீதிமன்றம் தள்ளிவிடும். மின்காந்தத்தால் தொலைவில் எழுத்துகளைப் பதிக்கும் எந்த முறையும் தமக்கே சொந்தம் என்று தந்திக் கருவியின் கண்டுபிடிப்பாளர் மோர்ஸ் எழுதிய கோரலை 1854-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதே ஆண்டில், கண்ணுள்ள ஊசியும் ஓடமும் சேர்ந்து பூட்டுத்தையல் போடும் அமைப்பைக் கோரியிருந்த ஹோவின் காப்புரிமை நின்றது; ஐசக் சிங்கர் அவருக்கு 15,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள நேர்ந்தது. சிங்கரின் இயந்திரம் பல வகையில் மேம்பட்டதுதான். ஆனாலும் அது ஹோவின் எல்லைக்குள் நின்றது.

ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவருடைய கையில் என் செக்குபந்தி எப்படி எழுதப்படும்?

தானே எழுதிக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. விவரக்குறிப்பு, இரு சாட்சிகளின் கையெழுத்து, பத்துக்குப் பதினைந்து அங்குலத் தாளில் கறுப்பு மையால் வரைந்த படம், ஓர் அடிக்கு மிகாத மாதிரி, இவற்றோடு 15 டாலர். அலுவலகம் வாங்கிக்கொள்ளும். (மாதிரி அனுப்பும் கட்டாயம் 1880 வரை இருந்தது. கைத்தொழில் தெரிந்தவருக்கு அது மட்டும்தான் சுலபமான பகுதி.) சிக்கல் அதற்குப் பிறகு வரும். "உமது பூட்டு இன்ன எண் காப்புரிமையில் ஏற்கெனவே இருக்கிறது" என்று ஆய்வாளர் நிராகரித்து எழுதினால், அந்தப் பழைய காப்புரிமையை எங்கே பார்ப்பது? அதிலிருந்து தம்முடையது எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று எப்படி வாதாடுவது? பலர் இந்தக் கட்டத்தில் மனம் விட்டுவிட்டார்கள். காப்புரிமை அலுவலகத்தின் விதிப்புத்தகமே, விவரக்குறிப்பும் கோரலும் கவனமாக எழுதப்படுவதைப் பொறுத்தே காப்புரிமையின் மதிப்பு அமையும், ஆகவே தகுதியுள்ள ஒருவரை அமர்த்துவது நல்லது என்று அறிவுரை சொன்னது. அனுபவம் இல்லாதவர்கள் பலர் இத்தொழிலில் புகுந்திருப்பதால் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும் என்றும் எச்சரித்தது. ஓர் அரசு அலுவலகம் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறதென்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்!

இந்த இடத்தில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் முதன்முதலாக 1856-இல் வந்தபோது முதல் விண்ணப்பத்தை அளித்தவர் கல்கத்தாவில் பொறியாளராக இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றுக்காக அவர் விண்ணப்பித்தார். தம் கண்டுபிடிப்புக்காக அந்த வாசலில் நின்றவர் பிற்பாடு மற்றவர்களுக்கு முகவரானார். அவர் பெயரில் தொடங்கிய நிறுவனம் சென்னையில் இன்றும் இதே தொழிலைச் செய்கிறது.

அடுத்தது பெரிய முகமை. அந்தக் காலத்தில் இச்சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் நினைவுக்கு வந்த பெயர் நியூயார்க்கின் மன் அண்ட் கம்பெனி. ரூஃபஸ் போர்ட்டர் 1845-இல் தொடங்கிய சயின்டிஃபிக் அமெரிக்கன் வார இதழை மறு ஆண்டே ஆர்சன் மன், ஆல்ஃபிரட் பீச் என்ற இரு இளைஞர்கள் வாங்கினார்கள். இதழின் அலுவலகத்துக்குக் கண்டுபிடிப்பாளர்கள் யோசனை கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். அதிலிருந்தே முகமை பிறந்தது. படத்தையும் விவரத்தையும் அனுப்பினால் புதிதா இல்லையா என்று இலவசமாகக் கருத்துச் சொன்னார்கள். வாஷிங்டன் கிளையில் பழைய காப்புரிமைகளைத் தேடிப் பார்த்துச் சொல்ல 5 டாலர் வாங்கினார்கள். காப்புரிமை ஆணையராக இருந்து விலகிய நீதிபதி சார்லஸ் மேசன் 1860-களில் இவர்களோடு சேர்ந்து பணியாற்றினார். பீச் தாமே கண்டுபிடிப்பாளர். பார்வையற்றோருக்கான தட்டச்சு இயந்திரம் செய்தவர், 1870-இல் நியூயார்க் பிராட்வே தெருவுக்கு அடியில் காற்றழுத்த ரயிலை ஓட்டிக் காட்டியவர். 1877 டிசம்பரில் எடிசன் தம் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோய் முதலில் காட்டிய இடங்களில் ஒன்று இந்த இதழின் அலுவலகம்.

எங்கோ ஒரு மூலையில் இருந்த கொல்லருக்கு இவர்கள் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கட்டணம் முன்கூட்டியே தெரியும். அஞ்சலில் எல்லாம் முடியும். அந்த ஐந்து டாலர் தேடலிலேயே "இது பழையது, விட்டுவிடுங்கள்" என்று விடை வந்தால் மிச்சக் காசு தப்பியது. காப்புரிமை கிடைத்ததும் இதழில் இலவசமாக ஒரு குறிப்பு வரும். அதைப் பார்த்து வாங்க வருபவர்களும் உண்டு. குறை, எண்ணிக்கை. நாள்தோறும் வந்து குவியும் கடிதங்களுக்கு நடுவே கொல்லரின் பூட்டு ஓர் எழுத்தரின் மேசைக்குப் போகும். அவர் நேர்மையாகவே எழுதுவார். ஆனால் பூட்டின் உயிர் வில்லில் இருக்கிறதா, அது பொருந்தும் பள்ளத்தில் இருக்கிறதா என்று கொல்லரோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருக்காது. எளிய பொருளுக்கு, கூட்டம் இல்லாத துறைக்கு, இந்த வழி நல்ல வழி.

மூன்றாவது வாஷிங்டனிலேயே இருந்த தனி முகவர்கள். இவர்களில் பலர் முன்னாள் அலுவலக ஆட்கள். 1828-இல் காப்புரிமை அலுவலகத்தின் தலைவரான தாமஸ் ஜோன்ஸ் பிற்பாடு முகவரானார். 1836-க்குப் பின் முதல் ஆய்வாளராக இருந்த சார்லஸ் கெல்லரும் அப்படியே. மின்காந்த ஆராய்ச்சியில் பெயர்பெற்ற சார்லஸ் கிராஃப்டன் பேஜ் பத்தாண்டு ஆய்வாளர், பிறகு முகவர், 1861-இல் மறுபடியும் ஆய்வாளர். எந்த அறையில் எந்த ஆய்வாளர், அவர் எந்தச் சொல்லைக் கண்டால் தயங்குவார் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். ஆபிரகாம் லிங்கன் 1849-இல், மணல்திட்டில் தட்டும் படகுகளை மிதக்கவைக்கும் கருவிக்கு விண்ணப்பித்தபோது நாடியதும் இப்படி ஒருவரைத்தான், வாஷிங்டனின் ஜீனஸ் ராபின்ஸ். லிங்கன் வழக்குரைஞர், வாதமும் எழுத்தும் அவருக்குக் கைவந்த கலை. அப்படிப்பட்டவரே இந்த எழுத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். மார்ச் 10 அன்று அளித்த விண்ணப்பத்துக்கு மே 22 அன்று 6,469-ஆம் எண் காப்புரிமை கிடைத்தது.

வாஷிங்டனில் ஆள் இருப்பதன் மதிப்பை இதைவிடக் கூர்மையாகக் காட்டுவது 1876 பிப்ரவரி 14. பெல்லுக்கு அந்தோணி பொல்லாக், மார்செல்லஸ் பெய்லி என்ற இரு வழக்குரைஞர்கள், விலை உயர்ந்தவர்கள். அவர்களை அமர்த்தியதும் பணம் கொடுத்ததும் பெல்லின் வருங்கால மாமனார் ஹப்பர்ட். அன்று பெல் பாஸ்டனில் இருந்தார். விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போனதே அவருக்குத் தெரியாது. ஜார்ஜ் பிரவுன் என்ற நண்பர் முதலில் இங்கிலாந்தில் விண்ணப்பிக்கட்டும் என்று பெல் காத்துக்கொண்டிருந்தார், ஹப்பர்ட் காத்திருக்கவில்லை. அதே நாளில், தொலைபேசிக்கு முயன்றுகொண்டிருந்த மற்றொருவரான எலிஷா கிரே தம் வழக்குரைஞர் வில்லியம் பால்ட்வின் வழியாக ஒரு கேவியட் மனுவை, அதாவது முடியாத கண்டுபிடிப்புக்கு இடம் பிடித்துவைக்கும் மனுவை, அளித்தார். அலுவலகத்தின் பணப் பதிவேட்டில் பெல்லின் கட்டணம் அன்றைய ஐந்தாவது வரி, கிரேயினுடையது முப்பத்தொன்பதாவது. கேவியட் இருப்பதைக் காரணம் காட்டி ஆய்வாளர் பிப்ரவரி 19 அன்று பெல்லின் விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்க உத்தரவிட்டார். பொல்லாக்கும் பெய்லியும் சும்மா இருக்கவில்லை. அதே நாளில் எங்களுடையதே முன்னதாக வந்தது, பதிவேட்டைப் பாருங்கள் என்று 24 அன்று எழுதினார்கள். நிறுத்தம் நீங்கியது. மார்ச் 7 அன்று காப்புரிமை வெளிவந்தது.

அந்த ஆய்வாளர் ஜீனஸ் வில்பர் பத்தாண்டு கழித்து, தாம் பெய்லிக்குக் கடன்பட்டிருந்ததாகவும் கிரேயின் மனுவைப் பெல்லிடம் காட்டியதாகவும் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். பெல் அதை அடியோடு மறுத்தார். வில்பரின் முந்தைய வாக்குமூலங்கள் அதற்கு மாறாக இருந்தன. உச்ச நீதிமன்றம் 1888-இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பெல்லின் பக்கம் நின்றது. நான் இதைச் சொல்வது தீர்ப்பைத் திரும்ப விசாரிக்க அல்ல. அலுவலகத்துக்கு அருகில் இருப்பது ஒரு பலம்; அதே அருகாமை சந்தேகத்துக்கும் இடம் கொடுத்தது. கொல்லர் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நான் மனம் நொந்து எழுதும் பகுதி. "காப்புரிமை கிடைத்தால் மட்டும் பணம்" என்று விளம்பரம் செய்த முகவர்கள். கேட்பதற்கு இதைவிட நியாயமான பேச்சு உண்டா? கையில் காசில்லாத ஏழைக்கு இதுவே தெய்வம் அனுப்பிய வழி என்று தோன்றும். ஆனால் முகவருக்கு எப்போது பணம் வருகிறது என்று பாருங்கள். காப்புரிமை என்ற தாள் வந்தால் போதும். அகலமான கோரலை எழுதினால் ஆய்வாளர் மறுப்பார், வாதாட வேண்டும், மாதங்கள் ஆகும். இந்த வில், இந்தத் திருகு, இந்தக் கோணம் என்று கோரலைச் சுருக்கி எழுதினால் எந்த ஆய்வாளரும் மறுக்கமாட்டார். உடனே கிடைத்துவிடும். கொல்லர் முத்திரை பதித்த தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவைப்பார். அதில் அவருக்குச் சொந்தமானது எதுவும் இருக்காது. அடுத்த ஊர்ப் பட்டறைக்காரர் கோணத்தை மாற்றிச் செய்யத் தொடங்கும் நாளில்தான் அது புரியும்.

முன்பு இதற்கு ஒரு மருந்து இருந்தது. பழுதான காப்புரிமையை ஒப்படைத்து, திருத்தி மறுபடி வாங்கிக்கொள்ளலாம். பலர் ஆண்டுகள் கழித்துக் கோரலை விரித்து எழுதி வாங்கினார்கள். அதை மிகையாகப் பயன்படுத்தியவர்களும் இருந்ததால், 1880-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் காலதாமதமாகக் கோரலை விரிப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதற்குப் பிறகு முதல் எழுத்தே முடிந்த எழுத்து.

ஒழுங்கு வந்தது மெல்லத்தான். மோசமாக நடக்கும் முகவரை ஏற்க மறுக்கும் அதிகாரம் ஆணையருக்குச் சட்டத்தில் இருந்தது. ஆனால் முகவராக இருக்கத் தேர்வோ பதிவோ தேவையில்லை. வாஷிங்டனின் ஜான் வெட்டர்பர்ன் நிறுவனம் பரிசும் பதக்கமும் காட்டிக் கண்டுபிடிப்பாளர்களை இழுத்தது. 1897-இல் அது அலுவலகத்தின் முன் தொழில் செய்யக் கூடாது என்று விலக்கப்பட்டது. முகவர்களின் பதிவேடு தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். பிரிட்டன் 1888-இலேயே பதிவேட்டைச் சட்டமாக்கியிருந்தது. 1872-இல் நிற்கும் நம் கொல்லருக்கு இவை எதுவும் இல்லை.

பணம் போடும் பங்காளியைச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. முகவரின் கட்டணத்தை அவர் கொடுப்பார், உரிமையில் பாதி எடுத்துக்கொள்வார். ஹோவுக்கு ஜார்ஜ் ஃபிஷர் என்ற பள்ளித் தோழர் இப்படித்தான் வந்தார். 500 டாலரும், ஹோவின் குடும்பத்துக்கு இடமும் சோறும் கொடுத்தார். இயந்திரம் விற்காதபோது ஃபிஷர் சோர்ந்து விலகினார். அந்தப் பாதியை விட்டுக்கொடுத்திருக்காவிட்டால் ஹோவின் இயந்திரம் வாஷிங்டனுக்கே போயிருக்காது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பங்காளி நல்லவராக இருந்தால் இது கெடுதலான வழி அல்ல. முழுவதையும் விற்றுவிடுவதுதான் கெடுதல். 1888-இல் வாஷிங்டனைச் சேர்ந்த எல்லன் எக்லின் துணி பிழியும் கருவி ஒன்றைச் செய்தார். அதை ஒரு முகவருக்கு 18 டாலருக்கு விற்றுவிட்டார். கண்டுபிடித்தவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்தால் வெள்ளையர் வீட்டுப் பெண்கள் அதை வாங்கமாட்டார்கள் என்று அவரே காரணம் சொன்னார். அந்தக் கருவியால் பிறர் நல்ல லாபம் பார்த்தார்கள். எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் அவருக்கு உதவியிருக்காது. அவர் முன் இருந்த வாசல்கள் வேறு.

கேவியட் மனுவைப் பற்றிச் சுருக்கமாக. 10 டாலர் கட்டி, கண்டுபிடிப்பு முழுமையாகவில்லை என்று சொல்லி ஓராண்டுக்கு இடம் பிடித்துவைப்பது. அந்த ஓராண்டில் அதே பொருளுக்கு வேறு யாராவது விண்ணப்பித்தால் அலுவலகம் செய்தி அனுப்பும். அன்டோனியோ மியூச்சி 1871 டிசம்பரில் தம் பேசும் தந்திக்கு இதைத்தான் செய்தார். முழுக் காப்புரிமைக்குப் பணம் இல்லை. இரண்டு முறை புதுப்பித்தார், 1874-இல் அது காலாவதியானது. கருவியே முடியாத நிலையில் இருப்பவருக்குத்தான் கேவியட் பயன்படும். கொல்லரின் பூட்டு வயலில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர் இதைத் தொடவே வேண்டாம்.

இன்னொருவர் முந்திக்கொண்டால்? அங்கே முகமை போதாது, விசாரணை நடத்தத் தெரிந்த வழக்குரைஞர் வேண்டும். அடிப்பாகம் தட்டையான காகிதப் பை செய்யும் இயந்திரத்தை மார்கரெட் நைட் பாஸ்டன் பட்டறை ஒன்றில் செய்துகொண்டிருந்தபோது சார்லஸ் அன்னன் என்பவர் பார்த்துவிட்டுத் தம் பெயரில் விண்ணப்பித்தார். நைட் யார் முதலில் கண்டுபிடித்தது என்ற விசாரணைக்குப் போனார். தம் வரைபடங்கள், குறிப்பேடுகள், மாதிரியைப் பார்த்த சாட்சிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். செலவு மிகப் பெரிது. வென்றார், 1871 ஜூலை 11 அன்று காப்புரிமை அவர் பெயரில் வந்தது. அவரைக் காப்பாற்றியதில் பாதி வழக்குரைஞர், பாதி அவரே தேதியிட்டு வைத்திருந்த காகிதங்கள்.

ஆக, கொல்லருக்கு என் விடை. முதலில் 5 டாலர் கொடுத்துப் பெரிய முகமையிடம் தேடல் மட்டும் செய்துகொள்ளட்டும். புதிது என்று வந்தால், அறுவடை இயந்திரம் என்பது ஏற்கெனவே நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் நெருக்கியடிக்கும் துறை என்பதால், எழுத்தை வாஷிங்டனில் உள்ள முன்னாள் ஆய்வாளர் ஒருவரிடம் கொடுக்கட்டும். முகமையைவிடச் சில டாலர் கூடுதலாகும், கொடுக்கலாம். கட்டணத்தை விண்ணப்பத்தோடு கொடுக்கட்டும், காப்புரிமை வந்த பிறகு அல்ல. கோரலின் வரைவை அனுப்பச் சொல்லி, அதைத் தம் பட்டறையில் வைத்துக்கொண்டு, "இதை மீறாமல் நானே வேறு பூட்டுச் செய்ய முடியுமா?" என்று ஒரு நாள் முழுவதும் முயன்று பார்க்கட்டும். செய்ய முடிந்தால் அதையும் படம் வரைந்து அனுப்பி, கோரலைத் திருத்தச் சொல்லட்டும். இந்தச் சோதனையை எந்த முகவரும் அவருக்காகச் செய்து தரமுடியாது.

ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் தம் வழக்குரைஞர் ஒருவர் 78 கண்டுபிடிப்புகளுக்கான விண்ணப்பங்களை அலுவலகத்தில் அளிக்காமல் பிறருக்கு விற்றுவிட்டதாக எடிசன் பிற்காலத்தில் சொன்னார். எடிசனுக்கே நடந்திருக்கிறது. ஆகவே, விண்ணப்பம் போய்விட்டது என்று முகவரிடமிருந்து கடிதம் வந்த அன்றே, எந்தத் தேதியில் சேர்ந்தது என்று கேட்டுக் காப்புரிமை அலுவலகத்துக்குக் கொல்லர் தம் கைப்பட ஓர் அஞ்சல் எழுதிப் போடட்டும்.